வெற்றுக் குடுவை

நான் காலையில் சீக்கிரம் எழுந்துவிடுகிற ஆள். ஆய்வுக்கூடத்துச் சாவி என்னிடம் வந்து சேர்ந்ததே அதனால்தான். மற்றவர்கள் ஒன்பதரைக்கு வருவார்கள்; நான் எட்டு மணிக்கே கதவைத் திறந்து, மேசைகளைத் துடைத்து வைத்திருப்பேன். விசாரணை என்று உட்கார வைத்துவிட்டீர்கள், அதனால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

அவளை நாங்கள் 'இறால்' என்றுதான் கூப்பிடுவோம். இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசானைக் கடுகு அளவு மணிகளாக்கி, அவற்றில் பல்லேடியம் என்ற உலோகத்தின் நானோ துகள்களைப் பதிய வைப்பது அவள் ஆராய்ச்சி. இரண்டு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்க அந்த மணிகள் உதவும். வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம். அதையே நான் மாவுச்சத்தை வைத்து நான்கு வருடம் செய்து பார்த்தேன். மூன்றாம் முறையிலேயே என் சரக்கு படுத்துவிடும். அவளுடையது பன்னிரண்டு முறை ஓடியது. "இனிமே எல்லாரும் இறாலோட மணியிலயே பண்ணுங்கப்பா," என்றார் பேராசிரியர், என்னை வைத்துக்கொண்டே. எனக்கு வலித்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நான் செய்ததற்குக் காரணம் அதுவல்ல. அவள் அவசரக்காரி. கொஞ்சம் நிதானம் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

மணியே போடாமல் ஒரு குடுவையை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதில் மூலக்கூறுகள் இணைந்து எதுவும் விளையக் கூடாது. விளைந்தால், வேலை செய்தது மணி அல்ல, எங்கோ ஒட்டியிருந்த அழுக்கு என்று பொருள். குடுவைக்குள் சுழன்று கலக்குவதற்கு மாத்திரை அளவில் வெள்ளையாக ஒரு காந்தக் குச்சி உண்டு. பழைய குச்சியின் கீறல்களில் பல்லேடியம் தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அவள் கழுவி வைத்த குச்சியை எடுத்துவிட்டு, தினமும் காலையில் என் பழைய குச்சிகளில் ஒன்றை வைத்தேன். அரை நிமிட வேலை.

எட்டு மாதம் அவளுடைய வெற்றுக் குடுவையில் விளைந்துகொண்டே இருந்தது.

"என் கையிலதான் ஏதோ கோளாறுண்ணா," என்பாள்.

"கைராசிம்மா. நீ சும்மா வெச்சாலே விளையுது," என்பேன்.

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். எல்லாச் சாமானையும் ராஜ திராவகத்தில் கழுவ ஆரம்பித்தாள். தங்கத்தையே கரைக்கிற அமிலம் அது. குச்சிமேல் சந்தேகமே வரவில்லை, அதையும்தான் கழுவினாளே. விரல்களில் தோல் உரிந்தது. களிம்பு வாங்கிக் கொடுத்தது நான்தான். அமிலத்தைக் கையாளச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்: "எதை மறந்தாலும் இதை மறக்காத. பாட்டிலை இறுக்கி மூடவே கூடாது. உள்ள வாயு கிளம்பிக்கிட்டே இருக்கும், வெடிச்சிரும்."

அன்று காலை அவள் தன் பையிலிருந்து புதுக் குச்சி ஒன்றை எடுத்தாள். உறை பிரிக்காதது. என் கண் முன்னாலேயே பிரித்துக் குடுவையில் போட்டாள்.

"இதுலயும் விளைஞ்சா எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்குப் போயிடறேண்ணா."

விளையாது என்று எனக்குத் தெரியும். விளையவில்லை என்றால் அடுத்துப் பழைய குச்சிகளைத்தான் சோதிப்பாள் என்பதும் தெரியும்.

பதினோரு மணிக்கு, கழுவி முடித்த அமிலத்தைப் பாட்டிலில் ஊற்றினாள். பல நாளாகச் சரியாகத் தூங்காத முகம். ஏதோ நினைவில் மூடியை எடுத்து இறுக்கித் திருகினாள். பெயர்ச்சீட்டு எழுதுவதற்காகப் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாட்டில் பக்கமாகக் குனிந்தாள். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். இரண்டு வார்த்தை போதும். நான் டீ குடிக்கப் போனேன்.

பாட்டிலை மூடியது யார் என்று கேட்டீர்கள். அவள்தான்.

சத்தம் கேட்டபோது டம்ளரில் பாதி மீதி இருந்தது. முதலில் ஓடிவந்து அவள் முகத்தில் தண்ணீர் விட்டதும் நான்தான். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. இனிப் பார்வை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காலடிச் சத்தத்திலேயே என்னைக் கண்டுகொண்டாள்.

"அண்ணா, அந்தக் குடுவை என்ன ஆச்சு?"

நான் சோதித்துப் பார்த்திருந்தேன். எதுவும் விளைந்திருக்கவில்லை. அவள் மணிகள் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தன.

"அதுலயும் விளைஞ்சிருந்ததும்மா," என்றேன்.

தோல் உரிந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்ப என் கைதான்," என்றாள்.

அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதுவும் அவள் மனம் நோகக் கூடாதே என்றுதான்.