எங்க சூடோ அங்க வெடிக்கும்

– மச்சான், மொதல்ல அந்தக் கையை எடுங்க. தீயணைக்கிற சிலிண்டரைத் தடவிக் கொடுத்தா போன கேஸ் திரும்பி வந்துராது.

– வயித்தெரிச்சல்ல தடவுறேன் மாப்ள. இந்த முள்ளைப் பாரு. நேத்து சாயங்காலம் பச்சையில நிமிந்து நின்னுச்சு. இப்போ சைபர்ல படுத்துக் கிடக்கு.

– படுக்கலை, வேலை பாத்துட்டு ஓய்வெடுக்குது.

– என்னத்த வேலை? நெருப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காலையில டப்புன்னு ஒரு சத்தம், அப்புறம் புஸ்ஸுன்னு ஒரு சத்தம், மெஷின் அத்தனையும் நின்னு போச்சு. டீ கிளாஸைக் கீழ போட்டுட்டு ஓடி வந்தா, எனக்கு முன்னாடியே முதலாளி வாசல்ல நின்னு கத்துறார். "அட்டைப்பெட்டி கம்பெனின்னா நெருப்புப் பயம் இருக்கும்னு உன் தங்கச்சி புருஷனை நம்பி இதை மாட்டினேன். நெருப்பே வராம வெடிக்குதே, இதுக்குப் பேர் பாதுகாப்பா"ன்னு.

– நீங்க என்ன சொன்னீங்க?

– நான் என்னத்தைச் சொல்றது? உன்னைக் கூப்பிடறேன்னு சொன்னேன். அவர் தலையில ஹெல்மெட் வேற. அதைப் பாத்ததும் எனக்கு இன்னும் பயம் வந்துருச்சு.

– யாரு, முதலாளி ஹெல்மெட் போட்டாரா? நான் இந்தச் சிலிண்டரையும் டியூபையும் மாட்ட வந்தப்போ நீங்க எவ்வளவு கெஞ்சியும் போடலையே.

– அதான் சொல்றேன். காலையிலேர்ந்து கழட்டவே இல்ல. டிபனைக் கூட ஹெல்மெட்டோடதான் சாப்பிட்டாராம். உன் டியூப் வெடிச்சதுல மனுஷன் அரண்டு போயிட்டார்னு நினைக்கிறேன்.

– சரி, இப்போ என்னங்கறார்?

– மத்தியானம் அவரை ஃபோட்டோ எடுக்க ஆள் வருது. ஏதோ பத்திரிகையில போடறாங்களாம். அதுக்குள்ள காரணம் தெரியணும். தெரியலைன்னா டியூப், சிலிண்டர் எல்லாத்தையும் கழட்டி உன் வண்டியில ஏத்தணும். மிச்ச கரன்ட் பேனலுக்கும் போடறேன்னு சொன்னாரே, அதுவும் கிடையாது.

– அய்யய்யோ மச்சான்! அந்த வேலையை நம்பித்தானே பழைய ஓனர்கிட்ட, "இனிமே செத்தாலும் உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

– அதை ஏன் அவ்வளவு விளக்கமா சொல்லிட்டு வந்தே? "போயிட்டு வரேன்"னு பொதுவா சொல்லியிருந்தா திரும்பிப் போகலாம்ல?

– உங்க தங்கச்சிதான் சொல்லிக் கொடுத்தா.

– அவ சொல்லுவா. ஸ்கூல்ல எனக்கும் இப்படித்தான் வசனம் சொல்லிக் கொடுப்பா. அடி மட்டும் எனக்கு விழும்.

– சொல்றதைக் கேளுங்க மச்சான். இந்த டியூப் சும்மா வெடிக்காது.

– இதைத்தான் முதலாளிகிட்டயும் சொன்னேன். "அப்போ ஏன் வெடிச்சுது"ன்னு கேட்டார். எனக்கு மறந்து போச்சு. இன்னொரு தடவை சொல்லு, மெதுவா.

– இது மெல்லிசான குழாய். உள்ள நெருப்பை அணைக்கிற கேஸ் அழுத்தமா நிக்குது. இந்தப் பேனலுக்குள்ள மேல, கீழ, மூலை முடுக்கு எல்லாத்துலயும் கொடி மாதிரி ஓடுது பாருங்க. எந்த இடத்துல சூடு தாங்க முடியலையோ அந்த இடத்துல குழாய் இளகி ஓட்டை விழும். கேஸ் அந்த ஓட்டை வழியா நேரா சூட்டு மேலயே போய்க் கொட்டும். கேஸ் இறங்கின உடனே மெஷினுக்குப் போற கரன்ட்டும் நின்னுரும். பட்டன் அமுக்க ஆள் வேணாம், பக்கத்துல காவல் காக்க ஆள் வேணாம்.

– என்னை விடப் பொறுப்பா இருக்கும் போலயே.

– டீ குடிக்கவும் போகாது.

– குத்திக் காட்டாத மாப்ள.

– அதனால ஓட்டை எங்க இருக்குன்னு பாத்தா போதும், சூடு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுரும். டார்ச்சைப் பிடிங்க. மெயின் ஆஃப்தானே?

– ஆஃப் பண்ணிப் பூட்டும் போட்டாச்சு. அதுல எல்லாம் நான் கரெக்ட்டா இருப்பேன்.

– மேல பெரிய ஸ்விட்சுங்க பக்கம்... கறுப்பே இல்ல. டியூப் புதுசு மாதிரி இருக்கு. நடுவுல... ஒண்ணும் இல்ல. டார்ச்சைக் கீழ காட்டுங்க.

– கீழ எதுக்கு மாப்ள? கீழ வெறும் தூசி. உனக்குத் தும்மல் வரும்.

– வந்தா தும்மிக்கறேன். காலைக் கொஞ்சம் நகத்துங்க.

– காலு மரத்துப் போச்சு.

– மச்சான்.

– நிஜமாத்தான் சொல்றேன், நகர மாட்டேங்குது.

– நானே தூக்கி வைக்கிறேன், இருங்க. அட! இது என்ன, துணி போத்திப் படுக்க வெச்சிருக்கு?

– துடைக்கிற துணி.

– துணிக்கு அடியில?

– இடுக்கி.

– இடுக்கிக்கு வால் மாதிரி ஒயரு எதுக்கு? ரெண்டு பக்கமும் பளபளன்னு தகடு எதுக்கு? மச்சான், இது முடியை நேராக்கற மெஷின்! உங்க தங்கச்சிகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருக்கு. ஒரு தடவை தெரியாம தொட்டுட்டு ரெண்டு நாள் விரலைச் சப்பிக்கிட்டுத் திரிஞ்சேன்.

– அப்படியா? பாத்தா இடுக்கி மாதிரிதான் இருக்கு.

– இந்தா, நேர் மேல ஓட்டை! டியூப் உதடு மாதிரி பிளந்திருக்கு பாருங்க. இதை யாரோ இந்த சாக்கெட்டுல சொருகி, சூடா டியூப் மேலயே சாச்சு வெச்சிருக்காங்க. அப்புறம் வேற யாரோ வந்து ப்ளக்கைப் பிடுங்கி, ஒயரை எட்டு மாதிரி சுத்தி, துணி போத்தியிருக்காங்க. எட்டு மாதிரி ஒயர் சுத்தறது எனக்குத் தெரிஞ்சு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.

– ஒயரைக் கண்டபடி சுத்தினா உள்ள உடைஞ்சிரும் மாப்ள.

– யாருது இது?

– என்னுது.

– உங்களுதா?

– ஆமா.

– மச்சான், நீங்க குனிஞ்சா உங்க தலையில டார்ச் வெளிச்சம் பட்டு எனக்குக் கண்ணு கூசுது. உங்களுக்கு எதுக்கு இது?

– மீசைக்கு.

– எதுக்கு?

– மீசைக்கு மாப்ள. வர வர சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, சுருண்டுக்குது.

– அடேங்கப்பா! சரி, யாருதா இருந்தா எனக்கென்ன? என் டியூப் மேல தப்பில்லன்னு ஆயிருச்சு. வாங்க, இதை இப்படியே தூக்கிட்டுப் போய் முதலாளி மேசை மேல வைப்போம்.

– வேணாம் மாப்ள. உன் காலைப் பிடிக்கிறேன்.

– ஏன்?

– கதவுல எழுதி ஒட்டியிருக்கறதை நீ படிக்கலையா? சூடாகிற சாமான் எதையாச்சும் இந்த ரூமுக்குள்ள கொண்டு வந்தா அன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கிருவார். போன மாசம் கெட்டில் வெச்சவனை அப்படித்தான் அனுப்பினார்.

– சரி, இப்போ மறைக்காம சொல்லுங்க. யாரைக் காப்பாத்தறீங்க?

– யாரையும் இல்ல.

– மச்சான், உங்க காது சிவந்து போச்சு.

– ஸ்டோர்ஸ் மேடம்.

– யாரு, பக்கத்து ரூம்ல சாமான் எடுத்துக் கொடுக்கற அந்தக் கண்ணாடி போட்டவங்களா?

– டீ குடிக்கப் போகும்போது திரும்பிப் பாத்தேன். இந்த ரூம் வாசல்லேர்ந்து போய்க்கிட்டிருந்தாங்க. கொஞ்ச நேரத்துல டப்புன்னு சத்தம். அவங்களுக்குச் சுருட்டை முடி மாப்ள. மழை வந்தா அடங்கறதே இல்லன்னு ஒரு தடவை சொன்னாங்க. ஆபீஸ் முழுக்க கண்ணாடிச் சுவரு, மறைவா ஒரு சாக்கெட் இருக்கிற இடம் இது ஒண்ணுதான். பாவம், என்ன பண்ணுவாங்க? பேனல் சாவியும் ஆணியிலதான் தொங்குது.

– அவங்க அன்னிக்கு மழையைப் பத்திச் சொன்னதைக் கூட ஞாபகம் வெச்சிருக்கீங்க.

– சும்மா, காதுல விழுந்துச்சு.

– நீங்க அவங்ககிட்ட என்னதான் பேசுவீங்க?

– ஸ்க்ரூ கேப்பேன். கொடுப்பாங்க.

– அப்புறம்?

– வாங்கிட்டு வருவேன்.

– எவ்வளவு நாளா?

– ரொம்ப நாளா. தினமும் காலையில.

– ஓஹோ! உங்க அலமாரியில டப்பா டப்பாவா ஸ்க்ரூ இருக்கறது இதனாலதானா! உங்க தங்கச்சி, "அண்ணன் ரிட்டயர் ஆகி இரும்புக் கடை வைக்கப் போறார் போல"ன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டிருக்கா. அவங்ககிட்ட மனசைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?

– அட போ மாப்ள. இந்தத் தலையை வெச்சுக்கிட்டா? ஸ்க்ரூன்னா கேட்ட உடனே கிடைக்குது. வேற எதையாவது கேட்டு, அதுவும் இல்லாமப் போயிருச்சுன்னா?

– இப்படிப் பேசினா நான் என்ன பண்றது? சரி, விடுங்க. டியூப்தான் கோளாறுன்னு நானே சொல்லிடறேன்.

– என்னது?

– கழட்டி எடுத்துட்டுப் போறேன். பழைய ஓனர் மூஞ்சில முழிக்க மாட்டேன்னுதானே சொன்னேன், கண்ணை மூடிக்கிட்டுப் போய் நிக்கறேன்.

– பைத்தியக்காரா! நல்லா இருக்கிற சாமானைக் கோளாறுன்னு சொல்லுவியா? நாளைக்கி நிஜமா இந்தப் பேனல்ல பொறி பறந்தா என்ன ஆகும்? இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறது யாரு? சுத்தி அத்தனையும் அட்டை. நான் டீ குடிக்கப் போன நேரமா பாத்து பத்திக்கிச்சுன்னா? இல்ல மாப்ள, இந்த டியூப் இங்கதான் இருக்கணும். நான் போறேன்.

– போய்?

– உங்க வீட்டுத் திண்டாட்டத்தோட திண்டாட்டமா கொஞ்ச நாள் உக்காந்து சாப்பிடறேன். தங்கச்சி சோறு போட மாட்டாளா என்ன?

– போடுவா. கூடவே வசனமும் சொல்லிக் கொடுப்பா. மச்சான், விளையாடாதீங்க, எனக்கு அழுகை வருது.

– உஷ்! ஷூ சத்தம். முதலாளி வர்றார்.

– என்னப்பா எலக்ட்ரீஷியன், காரணம் கிடைச்சுதா? எனக்கு நேரமில்ல, புரியுதா?

– கிடைச்சுது சார். டியூப் மேல தப்பில்ல. தப்பு என் மேல.

– உன் மேலயா?

– இதை நான்தான் சூடா உள்ள வெச்சேன் சார். டியூப் அது பாட்டுக்கு வேலையைப் பாத்துருச்சு. என்னைத் தூக்கிருங்க, டியூப் மேல கை வைக்காதீங்க.

– இது... உன்னுதா?

– ஆமா சார்.

– நல்லா யோசிச்சுச் சொல்லு. உன்னுது?

– மீசைக்கு சார்.

– தம்பி, உங்க மச்சான் சொல்றது நிஜமா?

– டியூப்பைப் பத்திச் சொன்னது அத்தனையும் நிஜம் சார். மீசையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல விரும்பலை.

– கதவைச் சாத்து.

– சார், மெதுவா திட்டினாலும் கேட்டுக்குவேன்.

– சாத்துன்னு சொன்னேன். தாழ்ப்பாள் போடு. இது உன்னுது இல்லன்னு எனக்குத் தெரியும், புரியுதா?

– இல்ல சார், நிஜமா என்னுதுதான். வேற யாரும் இங்க வரவே இல்ல. எந்த மேடமும் வரலை.

– மச்சான், வாயை மூடுங்க.

– ரெண்டு பேரும் கேளுங்க. இப்போ நான் ஹெல்மெட்டைக் கழட்டப் போறேன். யார் சிரிச்சாலும் அவனுக்கு இந்தக் கம்பெனியில இடமில்ல. புரியுதா?

– புரியுது சார்.

– இந்தா.

– சார்! உங்க தலை... வலது பக்கம் அப்படியே படிஞ்சு... இடது பக்கம்...

– தம்பி, சிரிக்கிறியா?

– இருமல் சார். கேஸ் இன்னும் கொஞ்சம் நிக்குது போல.

– பாதித் தலைதான் முடிஞ்சுது, அதுக்குள்ள கதவு தட்டற சத்தம். கையில இருந்ததை எங்க வைக்கிறதுன்னு தெரியாம இந்தப் பெட்டிக்குள்ள போட்டேன். ப்ளக்கைப் பிடுங்க மறந்துட்டேன். ஆணியில தொங்கின ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வெளிய போய் நின்னேன், டப்புன்னுச்சு. என்ன பண்றதுன்னு தெரியலை, கத்திட்டேன்.

– நல்லா கத்தினீங்க சார். நான் நம்பிட்டேன்.

– தம்பி, டியூப் இங்கயே இருக்கட்டும். சிலிண்டரை மாத்து, மிச்ச பேனலுக்கும் போட்டுரு. வெளிய யாராவது கேட்டா, முதலாளியே நேர்ல நின்னு சோதனை பண்ணிப் பாத்தார்னு சொல்லு.

– பொய்யே இல்ல சார், நிஜம்தான்!

– ம். எலக்ட்ரீஷியன், அந்த மெஷினைக் கொடு. வேற எங்கயாவது சொருகிக் கொடு, பேனல் வேணாம். அப்புறம் ரெண்டு பேரும் சுவத்தைப் பாத்துத் திரும்பி நில்லுங்க.

– சார், ஒரே ஒரு விஷயம். கதவைத் தட்டினது யாரு?

– அந்த ஸ்டோர்ஸ் அம்மா.

– அவங்களா? இந்த ரூம்ல அவங்களுக்கு என்ன சார் வேலை?

– எனக்கென்ன தெரியும்? நான் பாதித் தலையோட தவிச்சுக்கிட்டு நிக்கறேன். அந்தம்மா கையில ஒரே ஒரு ஸ்க்ரூவை வெச்சுக்கிட்டு, "இன்னிக்கி ஏன் சார் இவர் இன்னும் ஸ்க்ரூ கேக்க வரலை"ன்னு என்கிட்டயே கேட்டுச்சு.