கடைமடைக்கு முதல் காற்று

— டிரங்குப் பொட்டியில வெச்ச ஃபாரம் எங்கப்பா?

— வந்ததும் வராததுமா இன்னா கேள்வி இது. செருப்பக் கழட்டிட்டு வா, வரப்பு ஈரமா கீது, வழுக்கும்.

— வழுக்கினா வுழறேன். ஃபாரம் எங்க? பழுப்புக் கவரு. மேல அட்ரஸ்கூட எழுதி வெச்சிருந்தேன். நேத்து இருந்துது, இன்னிக்கு இல்ல. வூட்ட ரெண்டு தபா பொரட்டிட்டேன்.

— இருக்கட்டும்.

— எது இருக்கட்டும்? வேல எம் பேருல வந்துகீது. நான் படிச்சி, நான் பரீட்ச எழுதி வாங்கினது. ஆனா அங்க பொம்பளப் புள்ளைங்க ஆஸ்டல்ல நான் படுத்துத் தூங்கணும்னா எங்கப்பன் சம்மதம்னு ரேகை வெக்கணுமாம். இன்னிக்கு மூணு மணிக்குள்ள பாகூர் தபாலாபீசுல ரிஜிஸ்டர் பண்ணலன்னா எடம் இன்னொருத்திக்குப் பூடும். ஒரு வாரமா சொல்லிகினு கீறேன். நீயும் ஒரு வாரமா இருக்கட்டும் இருக்கட்டும்னுகினு கீற.

— ஏண்டி செங்கமலம், பெத்தவன்கிட்ட இப்பிடியா கத்துவ? வாய்க்காத் தண்ணி பயந்து ஏரிக்கே திரும்பிப் பூடும் போல கீது.

— நீ இன்னா அத்தே, மம்முட்டியும் கையுமா இங்க நிக்கிற? உனக்குக் களையெடுப்பு இல்லியா?

— காலையிலேருந்து நிக்கிறேன். உங்கப்பனுக்குத் தங்கச்சியா பொறந்த பாவம். மடையப் பாத்துக்க தையலம்மான்னாரு, பாத்துகினு...

— தையலம்மா, நீ சும்மா இரு. செங்கா, மணி இன்னா இப்ப?

— ரெண்டரை. ரெண்டே முக்காலுக்கு அந்தக் கர மேல பஸ்ஸு போவும். அத வுட்டா அவ்ளோதான்.

— அப்ப நேரம் கீது. அந்த ராக்கெட்டு வுடற எடத்துல உனக்கு இன்னா வேலன்னு மொதல்ல சொல்லு.

— சொன்னா உனக்குப் புரியாது.

— புரியலன்னா திரும்பக் கேக்குறேன்.

— நேரா சொல்றேன், கேட்டுக்க. ராக்கெட்டுக்குள்ள மருந்து அடைப்பாங்க. அது நல்லா இறுகிகீதா, உள்ள எங்கனா வெடிப்பு கீதான்னு சோதிச்சிப் பாத்து எழுதணும். ஒரு மயிரிழ வெடிப்ப நான் பாக்காம வுட்டன்னா மொத்தமும் வெடிச்சிப் பூடும். அதான் வேல.

— அதுல ஏறி நீ போவியா?

— நான் போவ மாட்டேன். போன வருசம் நம்ம நாட்டு ஆளு ஒருத்தரு ரஷியாக்காரன் ராக்கெட்டுல ஏறி, மேல எட்டு நாளு இருந்துட்டு வந்தாரே, அது ஆரம்பம். இன்னும் அம்பது வருசத்துல குடும்பம் குடும்பமா போவாங்க. வூடு கட்டுவாங்க, பயிரு வெப்பாங்க, அங்கியே புள்ள பெப்பாங்க. நான் ஏழு வயசுலேருந்து சொல்லிகினு கீறேன்.

— சொன்னா, சொன்னா. அதக் கேட்டுத்தான் என் ஏழு கோழி போச்சி.

— அத்தே, அது ஸ்கைலாபு. அமெரிக்காக்காரன் வுட்டது. நானா வுட்டேன்?

— ஆகாசத்துல வூடு கட்டுவாங்கன்னு நீதான சொல்லிகினு திரிஞ்ச? கட்டுன வூடு நம்ம தலையில வுழப் போவுதுன்னு ரேடியோவுல சொன்னான். சாவறதுதான் சாவறோம், தின்னுட்டுச் சாவலாம்னு ஏழு கோழியையும் அடிச்சிக் கொழம்பு வெச்சேன். மறுநா காத்தால கண்ணத் தெறந்து பாக்குறேன், ஊரே உசுரோட கீது. எங்கூண்டுதான் காலி.

— கொழம்பு நல்லா இருந்துது.

— நீ ரெண்டு கிண்ணம் குடிச்சண்ணா, உனக்கு இன்னா.

— ஏழு வயசுலேருந்துன்னு சொல்றியே செங்கா, அன்னிக்கு நீ இன்னா கேட்டன்னு ஞாபகம் கீதா?

— மறப்பனா? கொம்யூன் ஆபீஸ் ரேடியோவ சுத்தி ஊரே நிக்கிது. நெலாவுல மனுசன் எறங்கிட்டான்னு சொல்றான். நான் நேரா ஊர்த்தெரு பெரிய வூட்டுக்காரரு முன்னாடி போயி நின்னு, அங்க கெணறு வெட்டினா யாரு மொதல்ல மொள்ளுவாங்கன்னு கேட்டேன். ஓங்கி ஒரு அற வுட்டாரு. நீ பாத்துகினு நின்ன.

— இருக்கட்டும்.

— இருக்குதுதான், இன்னும் கன்னத்துல இருக்குது. அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சிது. நெலாவுல எவனுக்கும் பாட்டன் சொத்து கெடையாது. ஊர்த்தெரு காலனின்னு கோடு போட்டு வெச்சவன் எவனும் அங்க இல்ல. நாம மொதல்ல போயிட்டா போடாமயே இருக்கலாம். அத பள்ளிக்கூடத்துல பேசினேன். டீக்கடையில பேசினேன். மாதா கோயில் திருநாள்ல மைக்கு கேட்டு வாங்கிப் பேசினேன். கட்சிக்காரன் தேர்தலுக்கு வெள்ள அடிச்சி வெச்ச செவுத்துல, விண்ணில் ஊர் அமைப்போம், அதில் தெரு பிரிக்க மாட்டோம்னு எழுதிட்டு வந்தேன்.

— மறுநா நான் போயி அந்தச் செவுத்தக் கழுவிட்டு வந்தேன்.

— கழுவின. அதையும் மறக்கல. இருந்தாலும் தோ பாரு, இந்த நோட்டுல நாப்பத்தி மூணு பேரு கையெழுத்து போட்டுகீறாங்க. மொத ஆகாசக் கப்பல்ல வரச் சம்மதம்னு. எல்லாம் கையெழுத்து. ரேகை ஒண்ணுகூட கெடையாது, வாங்க மாட்டேன். ஊரு அமைக்கப் போறவன் தன் பேர எழுதத் தெரிஞ்சிகினு போவணும்.

— நான் ஏழாவது. மூணு மாசம் செலேட்டு வெச்சிகினு கத்துகினேன். கொம்பு போட்ட எழுத்துகூட வந்துடுச்சி, தையலம்மாள்னு எழுதும்போது அந்தக் கடசி 'ள்' தான் இன்னும் சறுக்கும்.

— அதுல எம் பேரு கீதா?

— இல்ல.

— ஏன் இல்ல? நாப்பத்தி மூணு பேருகிட்ட பேசியிருக்க. எங்கிட்ட ஒரு தபா பேசியிருப்பியா?

— உங்கிட்ட இன்னாத்தப் பேசறது? நேரா சொல்றேன், கோவிச்சிக்காத. நீ ஏற்கெனவே ஒரு கப்பல வுட்ட ஆளு. பிரஞ்சுக்காரன் போவும்போது ஆறு மாசம் டயம் குடுத்தான். எங்க பிரஜையா இருக்கணும்னு இஷ்டப்படறவங்க வந்து எழுதிக் குடுங்கன்னான். பிரஞ்சுப் பட்டாளத்துல இருந்த பாகூர் சொல்தா எழுதிக் குடுத்தாரு, அவரு பசங்க ரெண்டு பேரும் பாரீசுல கீறாங்க, இங்க மெத்த வூடு நிக்கிது. நீயும் இதே மண்ணுல பொறந்தவன்தான. உனக்கும் அதே ஆறு மாசம் இருந்துது. நீ போவல.

— நீ அப்ப ஆறு மாசக் கைக்கொழந்த.

— கைக்கொழந்த வந்து உன் காலப் புடிச்சி இழுத்துதா?

— நீ இழுக்கல. மட இழுத்துது. அறுபத்தி மூணுல மழ இல்ல, ஏரியில முழங்காத் தண்ணிதான். கடசி நாளுன்னு சொன்னாங்களே, அன்னிக்குப் பாத்து கடமடைக்குத் தண்ணி மொற. தலமடைக்காரங்க பன்னெண்டு நாளா கீழ தண்ணிய வுடல. நான் இந்தக் கரையில மம்முட்டியோட நின்னாத்தான் தண்ணி வாய்க்கா முடியிற எடம் வரைக்கும் போய்ச் சேரும். பஸ்ஸு ஏறிப் பாண்டிச்சேரி போயி வரிசையில நின்னுகினு இருந்தா, சாயங்காலத்துக்குள்ள கரைய வெட்டி மேலயே திருப்பிக்குவாங்க. கீழ நாப்பது குடும்பத்துப் பயிரு.

— அந்த நாப்பது குடும்பமும் உனக்கு இன்னா பண்ணிச்சி? தண்ணி கட்டுற வேலைக்குன்னு இருவது குழி நெலம் குடுத்தாங்க. அதையும் கடமடையில குடுத்தாங்க. சின்ன வயசுலேருந்து அந்த வயலுக்குப் போவும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஊரு வயலெல்லாம் தளும்பி நிக்கும், நம்மது வெடிச்சிக் கெடக்கும். ஊருக்கே தண்ணி தெறந்து வுடறவன கடசியில தள்ளி வெச்சிட்டாங்க, நீயும் தல ஆட்டிட்டு வாங்கிகின.

— தள்ளல. நானா கேட்டு வாங்கினேன்.

— இன்னாது?

— மேல, தலமடையிலதான் குடுக்கறன்னாங்க. நான் வேணான்னேன்.

— ஏன்? உனக்கு இன்னா பைத்தியமா?

— தண்ணி தெறக்கிறவன் நெலம் மேல இருந்துதுன்னு வெச்சிக்க. அவன் வயலு ரொம்பினதும் போதும்னு மம்முட்டியத் தோள்ல போட்டுகினு வூட்டுக்குப் பூடுவான். நானும் மனுசன்தான, நானும் பூடுவேன். நெலம் கடசியில இருந்தா, எல்லாரு வயலும் ரொம்பினாத்தான் எம் வயலு நனையும். என்ன நானே நம்பலம்மா. அதான் அங்க கேட்டேன்.

— இத ஏன் எங்கிட்ட சொல்லல?

— நீ வயிறு எரிஞ்ச. கேக்கல.

— இரு, நான் ஒண்ணு கேக்குறேன். ஏழாவது ஆளா கையெழுத்துப் போட்டவ, கேக்கலாம்ல. அந்த ஆகாசத்து ஊருல தண்ணிக்கு இன்னா பண்ணுவாங்க?

— தண்ணி இருக்கட்டும் அத்தே, அங்க காத்தே கெடையாது. மெசின வெச்சித்தான் காத்து உண்டு பண்ணணும். கொழா வழியா வூட்டுக்கு வூடு அனுப்பணும்.

— அந்த மெசினு யாரு கையில இருக்கும்?

— ஒரு கமிட்டி போடுவாங்கப்பா.

— இங்க மோட்டாரு வெச்சவன் தண்ணிய ஆளுறான். அங்க மெசினு வெச்சவன் மூச்ச ஆளுவான். அதுக்கு இந்த ஊரே தேவலாம், மூச்சாவது சும்மா கெடைக்கிது.

— ஊரு அப்பிடி நீட்டமா இருக்காதுப்பா. வட்டமா, வண்டிச் சக்கரம் மாரி இருக்கும். சுத்திகினே இருக்கும், அப்பதான் காலு தரையில நிக்கும். நாம அந்தச் சக்கரத்தோட பட்டைக்கு உள்பக்கமா குடியிருப்போம். வட்டத்துல ஏது தலமட, ஏது கடமட? அதனாலதான் புத்தகத்துல பாத்த அந்தச் சக்கரப் படம் எனக்கு அவ்ளோ புடிக்கும்.

— மெசினு எங்க கீதோ அதான் தலமட. வட்டமா இருந்தா இன்னா, கோணலா இருந்தா இன்னா.

— மூணு வருசம் பிசிக்ஸ் படிச்சேன். பதினஞ்சு வருசமா இதையே பேசறேன். இத ஒரு நாளும் யோசிக்கல.

— நீ ராக்கெட்டப் பாத்துகினு இருந்த.

— இரு, இரு. குறுக்கப் பேசாத. மெசினு இங்க கீது. அதப் பாத்துக்கிற ஆளு வூடு சக்கரத்துல நேரா எதிர்ப்பக்கம், எட்டாத தூரத்துல இருக்கணும். காத்து ரெண்டு பக்கமும் பிரிஞ்சி, எல்லாரு வூட்டுக்கும் பூந்து பொறப்பட்டு, கடசியிலதான் அவன் வூட்டுக்கு வரணும். அவன் புள்ளைங்க மூச்சு விடணும்னா ஊரு முச்சூடும் மூச்சு விட்டாவணும். அப்ப எவன் கொழாய மூடுவான்? எந்தக் கமிட்டியும் வேணாம். அத்தே, அந்த மம்முட்டிய நவுத்து, நோட்டுல எழுதணும். கடைமடைக்கு முதல் காற்று. காத்து வந்து சேர்றது கடசியா இருந்தாலும் கணக்குல கடமடதான் மொதல்ல. அடிக்கோடு போடறேன். இத அங்க போயி பெரிய பெரிய இஞ்சினீருங்ககிட்ட சொல்வேன். எங்கப்பன் வாய்க்காவுல...

— அப்பிடி எட்டாத எடத்துல வூடு வேணும்னு எவண்டி கேட்டு வாங்குவான்?

— நான் வாங்கிக்குவேன்.

— நீ வாங்கிக்குவ அண்ணா, உனக்குப் பழக்கம். அடியே, அந்தக் கரையப் பாரு. பஸ்ஸு.

— நிறுத்துங்க! பஸ்ஸ நிறுத்துங்க!

— ஓடாத செங்கா. வரப்பு வழுக்கும். அது ஆலமரத்தத் தாண்டிட்டுது.

— போச்சி. எல்லாம் போச்சி. வேணும்னே பேச்சுக் குடுத்து நிக்க வெச்சிட்ட. ஃபாரத்த இன்னா பண்ண? அடுப்புல வெச்சியா, வாய்க்காவுல வுட்டியா? கூசாம சொல்லு, நான் அழுவ மாட்டேன். எம் பொண்ணு போவக் கூடாதுன்னு ஒரு வார்த்த நேரா சொல்லியிருந்தா உங்கிட்ட சண்ட போட்டுட்டாவது போயிருப்பேன்.

— நோட்டக் குடு.

— எதுக்கு?

— எம் பேரு சேக்கணும்.

— இப்பவா? இப்ப இன்னாத்துக்கு? ரேகை வாங்க மாட்டேன்னு சொன்னேன்ல.

— பேனாவத் தெறந்து குடு. தையலம்மா, உன் தலத் துண்ட இப்பிடிப் போடு, கை சேறா கீது.

— அண்ணா, சொல்லித் தொலையேன். புள்ள மூஞ்சியப் பாக்க முடியல.

— நீ நோட்ட ஆடாம புடி. இங்கதான, நாப்பத்தி மூணுக்குக் கீழ? கடசி எடம். நல்லதாப் போச்சி.

— ப்பா, நீ இன்னா எழுதற? இது... இது இங்கிலீசு எழுத்து.

— இங்கிலீசு இல்ல. பிரஞ்சு எழுத்து. சொல்தா மண்ணுல எழுதிக் காட்டினாரு. அந்த ஆறு மாசமும் வெயில் தாழ போயி உக்காந்து கத்துகினேன். எனக்குத் தமிழ்ல ஒரு எழுத்தும் வராது, எம் பேரு இதுல மட்டுந்தான் வரும்.

— பச்சையப்பன். தெளிவாப் படிக்க வருது. நடுவுல எழுத்துக்கு மேல சின்னதா ஒரு கோடு வேற இழுத்துகீற.

— அது இல்லன்னா பேரே மாறிப் பூடுமாம். அவரு கண்டிஷனா சொன்னாரு.

— இருவத்திரண்டு வருசமா இத எங்க வெச்சிருந்த? ரேஷன் கடையில ரேகைதான உருட்டுற?

— அது அரிசிக்கு. இது கப்பலுக்கு.

— அண்ணா, போதும். காலையிலேருந்து மடையையும் பாத்துகினு வாயையும் கட்டிகினு நிக்க என்னால ஆவாது. நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?

— இந்தத் தபா நல்லா வந்துகீது பாரு செங்கா. காலையில தபாலாபீசுல நின்னுகினு உன் ஃபாரத்துல போட்டதுலதான் அந்தக் கோடு கொஞ்சம் சாஞ்சி பூட்டுது, ரிஜிஸ்டர் ரசீது தோ மடியில கீது, பரவால்லதான?