பத்து எண்ணி ஒரு தட்டு

பெங்களூரில் ஹெப்பாள் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் எனக்கு அன்று நல்ல நாள்தான் சார். அதற்கு மேல் ஆசைப்படுகிற ஆள் இல்லை நான்.

என் வேலையைக் கேட்டீர்கள். வானத்தில் துடிப்பு விண்மீன்கள் இருக்கின்றன. கடிகாரம் தோற்கும், அவ்வளவு சீராக எக்ஸ்ரே கதிரை விட்டு விட்டு அனுப்பும். அதை வைத்து விண்கலம் தான் இருக்கும் இடத்தைத் தானே கண்டுகொள்ளலாம். ஆனால் வந்து சேர்வதில் முக்கால்வாசி இரைச்சல். தொண்ணூற்று நாலிலிருந்து அந்த இரைச்சலைக் கழிப்பதுதான் என் பிழைப்பு. சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதை வைத்துக்கொள்ள வேண்டும், மற்றதைத் தள்ளிவிட வேண்டும்.

என் மனைவி சரசுவுக்கு வாதத்தில் கை கால் விழுந்துவிட்டது. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். குரல் முனகலுக்கு மேல் எழும்பாது. கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டித்தான் கூப்பிடுவாள். கொசு என்பாள், தாகம் என்பாள், சில சமயம் சும்மா பயம். மூன்று வருடம் ஓடி ஓடிப் பார்த்தேன். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். என்னால் முடியவில்லை சார்.

அதனால் ஒரு முறை வைத்தேன். பத்து எண்ணி ஒரு தட்டு, அப்படி மூன்று தட்டினால் வருவேன்.

"ஏனுங்க, வலி எண்ணிக்கிட்டுங்களா வரும்?" என்று முனகினாள்.

"பழகிக்கோ" என்றேன். பழகிக்கொண்டாள். வீடு அமைதியானது.

போன ஞாயிறு காலை நான் பக்கத்து அறையில் இருந்தேன். தட்டல் கேட்டது. இரண்டு சேர்ந்தாற்போல், பிறகு ஒன்று, பிறகு வேகமாக ஐந்தாறு. பக்கத்து வீட்டுப் பசம்மா ஜன்னலுக்கே வந்துவிட்டாள். "அண்ணா, அக்கா தட்டுதே, பாக்கலீங்களா?"

"அது சும்மா" என்று அனுப்பிவிட்டேன். பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். மொத்தம் நாற்பத்தொன்று. பத்து எண்ணி ஒன்றுகூட வரவில்லை.

நின்ற பிறகு போனேன். தலையணை சரிந்து முகத்தை அடைத்திருந்தது. நான் ஒரு கையால் எடுத்திருக்கலாம். அவள் சாகிறாள் என்று தெரியுமா என்றீர்கள். இருபதாவது தட்டிலேயே தெரியும். உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் தமிழ் தெரிந்த கௌதள்ளி ஊர்க்காரர், கன்னடத்தில் எழுதிய என் வாக்குமூலத்தைத் தமிழில் படித்துக் காட்டினீர்கள், நன்றி. கையெழுத்துப் போடுகிறேன். ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். 'துடித்துச் செத்தாள்' என்றீர்கள். துடிப்பென்றால் சீராக வரும் சார்.