பெரிய அறைக்கு வேண்டிய சத்தம்

அபு ராகான்: ...ரெண்டெல்லாம் பத்தாது தம்பி. ஏழு வேணும். அறையைச் சுத்தி ஏழு. நடுவுல உக்கார்றவனுக்கு நெஞ்செலும்பு கிடுகிடுன்னு ஆடணும்.

நிளால்: அண்ணே, நீங்க சொன்ன முந்நூறு தினாருக்கு ஏழு ஸ்பீக்கர் வாங்கினா எலும்பு ஆடாது. காதுக்குள்ள கொசு பாடும்.

ஃபலாஹ்: பாத்தீங்களா மச்சான்? கடைக்காரரே சொல்றார். இதைத்தானே நானும் சொன்னேன்.

அபு ராகான்: நீ எப்ப சொன்னே?

ஃபலாஹ்: இந்த ஹவல்லி கடைத்தெருவுக்கு வந்து சேர்ற வரைக்கும் கார்ல சொல்லிக்கிட்டேதான் வந்தேன். நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க.

நிளால்: சரி, அறை எவ்வளவு பெருசு?

அபு ராகான்: அப்படிக் கேளு! எங்க வாப்பா கட்டின திவானியா தம்பி அது. வீட்டுக்கு முன்னாடி தனியா வாசல் வச்சுக் கட்டினது. சாயங்காலம் ஆனா தெருவே அங்கதான் உக்காந்திருக்கும். தேர்தல் வந்தா ஓட்டுக் கேக்கிறவன்லாம் முதல்ல எங்க வாசல்லதான் செருப்பைக் கழட்டுவான். ஒரு தடவை ஒருத்தன் வந்து...

நிளால்: நீளம் எத்தனை மீட்டர்ண்ணே?

அபு ராகான்: ...வந்து வாப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு...

ஃபலாஹ்: பன்னெண்டு. அகலம் ஏழு.

நிளால்: தரை?

ஃபலாஹ்: பளிங்கு. சுவரெல்லாம் மொட்டை. ஒரு ஆள் தும்மினா நாலு பேர் தும்மின மாதிரி இருக்கும்.

அபு ராகான்: நாலு பேரு இருந்தா நல்லாத்தான்...

நிளால்: என்னண்ணே?

அபு ராகான்: ஒண்ணுமில்ல. மேல சொல்லு.

நிளால்: அப்படின்னா அந்த அறையில எதைப் போட்டாலும் எதிரொலிக்கும். முதல்ல தடிமனா ஒரு கம்பளம் விரிங்க. ஜன்னலுக்குத் திரை போடுங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே தீந்துடும். அப்புறம் முன்னாடி ஆளுயரத்துக்கு நல்லதா ரெண்டு. திம்திம்னு அதிர்றதுக்கு ஒரு பேஸ் பெட்டி. பெரிய அறைக்குச் சின்னச் சின்னதா ஏழு வைக்கிறதைவிட, பெருசா ரெண்டு வைக்கிறதுதான்...

அபு ராகான்: திரைச்சீலையா? நான் என்ன பொண்ணுக்குச் சீர் வாங்கவா வந்திருக்கேன்? அபு தலால் வீட்டுல என்ன, திரைச்சீலை பாக்கவா கூட்டம் போகுது?

நிளால்: அபு தலால் யாரு?

ஃபலாஹ்: எதிர்வீடு.

அபு ராகான்: எதிர்வீடுன்னு மொட்டையாச் சொல்லாதே. எங்க திவானியாவுல கதவோரமா உக்காந்து, வாயே திறக்காம, டீயைக் குடிச்சிட்டுப் போன ஆளு தம்பி அவன். இப்ப அவனே ஒண்ணு திறந்துட்டான். மேட்ச் அன்னிக்குத் தெருவுல கார் நிறுத்த இடமில்ல. என் வாசல்ல நிறுத்துறாங்க. நிறுத்திட்டு, எனக்கு சலாம் சொல்லிட்டு, அங்க போறாங்க!

நிளால்: அவர் என்ன ஸ்பீக்கர் வச்சிருக்கார்?

அபு ராகான்: ஆயிரம் தினாராம். ஜெர்மன் சாமான். என்ன மாப்ளே, அப்படித்தானே?

ஃபலாஹ்: எனக்கெப்படித் தெரியும்? நான் அங்க போனதே இல்லையே.

அபு ராகான்: நீதானே சொன்னே!

ஃபலாஹ்: யாரோ சொன்னாங்கன்னு... யாரோ சொன்னாங்க.

அபு ராகான்: அதோ, அது என்ன? கலர் கலரா விளக்கு எரியுதே. ரெண்டாயிரம் வாட்டுன்னு போட்டிருக்கு.

நிளால்: அது அட்டைப் பெட்டியில அச்சடிச்ச வாட்டுண்ணே. உள்ள அவ்வளவு கிடையாது.

அபு ராகான்: விலை?

நிளால்: நாப்பது.

அபு ராகான்: அப்ப ஏழு வாங்கினா... பதினாலாயிரம் வாட்டு!

ஃபலாஹ்: பதினாலாயிரம் பொய்.

நிளால்: ரெண்டு பேரும் இப்படி வாங்க. இந்தக் கறுப்பு ஜோடியைக் கேளுங்க. ஒரு மேட்ச் போடுறேன். கோல் விழுற இடம். வர்ணனை ஒவ்வொரு சொல்லும் எப்படித் தனித்தனியா விழுதுன்னு கவனிங்க. போடட்டுமா?

அபு ராகான்: போடு. இந்த மேட்ச்சை நான் பாத்திருக்கேன். இந்த கோல்கீப்பருக்கு முட்டியில அடி. எனக்கும் அதே முட்டிதான். டாக்டர் என்ன சொன்னான்னா, நீங்க நடக்கிறதே பெரிய விஷயம்னான்...

நிளால்: முடிஞ்சுதுண்ணே. எப்படி இருந்துச்சு?

அபு ராகான்: ஒண்ணும் கேக்கலையே.

நிளால்: மறுபடி போடுறேன். கொஞ்சம் பேசாம...

அபு ராகான்: போடு, போடு. நான் வாயைத் திறக்கல. ஆனா ஒண்ணு, இவன் பந்தை உதைச்சது தப்புக் காலு. நான் அன்னிக்கே சொன்னேன். எங்க வாப்பா காலத்துல ஆடினவனுங்க...

நிளால்: முடிஞ்சிடுச்சு.

அபு ராகான்: இதுலயும் தெளிவில்லையே தம்பி.

நிளால்: ஃபலாஹ் அண்ணே, உங்களுக்குக் கேட்டுச்சா?

ஃபலாஹ்: எனக்கு முட்டிதான் கேட்டுச்சு.

அபு ராகான்: கிண்டலா? உங்க அக்கா உன்னை எதுக்கு என்கூட அனுப்பினா?

ஃபலாஹ்: முந்நூறுக்கு மேல போகாம பாத்துக்கச் சொல்லி.

நிளால்: போகாது. கறுப்பு ஜோடி வர்றவங்களுக்குப் போட்டுக் காட்டக் கடையில வச்சிருந்தது. பின்பக்கம் ஒரு கீறல் இருக்கு, அதனால விலை குறைச்சுத் தர்றேன். ஆம்ப்ளிஃபயர் ஒரு கை மாறினது. பேஸ் பெட்டி புதுசு. எல்லாம் சேர்த்து இருநூத்தித் தொண்ணூறு. நானே வந்து மாட்டியும் தர்றேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க... எத்தனை பேர் உக்காருவீங்க?

அபு ராகான்: எதுக்கு?

நிளால்: ஆள் உக்கார்ற இடத்தைப் பாத்துத்தான் ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கணும்.

அபு ராகான்: முப்பது பேர்.

ஃபலாஹ்: மச்சான்...

அபு ராகான்: சரி, இருபது.

ஃபலாஹ்: மச்சான்.

அபு ராகான்: வெயில் காலத்துல ஊருக்குப் போயிடறாங்க. பத்து.

ஃபலாஹ்: இது வெயில் காலம் இல்ல மச்சான்.

அபு ராகான்: ...நான் இருக்கேன். நான் எப்பவும் இருக்கேன்.

நிளால்: ஒருத்தருக்கா? அண்ணே, அப்ப ஒரு ஹெட்போன் போதுமே! பதினஞ்சு தினாருக்கு...

ஃபலாஹ்: தம்பி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.

நிளால்: தப்பா நெனச்சுக்காதீங்க. நான் வியாபாரத்துக்குச் சொன்னேன். டீ சொல்லட்டுமா?

அபு ராகான்: சொல்லு. சீனி தூக்கலா... அவன் சொன்னதுல என்ன தப்பு? ஆனா இது வந்துட்டா நிலைமை மாறிடும் பாரு. அபு தலாலோடது ஆயிரம்னா, நம்மளுது கீறலோட ஆயிரம்.

ஃபலாஹ்: மச்சான், அங்க ஸ்பீக்கரே கிடையாது.

அபு ராகான்: என்ன?

ஃபலாஹ்: ஒண்ணுகூட இல்ல. டிவியிலேர்ந்து வர்ற சத்தம்தான். அதையும் குறைச்சுத்தான் வச்சிருப்பார்.

அபு ராகான்: நீ அங்க போனதே இல்லேன்னியே.

ஃபலாஹ்: செவ்வாய்க்கிழமை தவறாம போறேன். வாசல்ல செருப்பைப் போட்டா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு பின்பக்கமாப் போறேன். ஸ்பீக்கர் கதையும் நான் விட்டதுதான். அவங்க ஏன் அங்க போறாங்கன்னு நீங்க கேட்டீங்க. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அபு ராகான்: ஏன் போறாங்க?

ஃபலாஹ்: வேண்டாம் மச்சான்.

அபு ராகான்: சொல்லுடா.

ஃபலாஹ்: அபு தலால் யாரையாவது பாத்து, "அப்புறம் என்னாச்சு?"ன்னு கேப்பார். கேட்டுட்டு, சும்மா இருப்பார். அவ்வளவுதான்.

அபு ராகான்: நான் கேக்கிறதில்லையா?

ஃபலாஹ்: ஹமூத் அண்ணன் ஒரு நாள் வந்தார், ஞாபகம் இருக்கா? அவர் சம்சாரத்துக்குக் கட்டின்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு. "என் வீட்டுக்காரிக்கு..."ன்னு ஆரம்பிச்சார். நீங்க உங்க முட்டி ஆபரேஷனை ஆரம்பிச்சீங்க. நீங்க முடிக்கிறப்ப அவர் டீக்கோப்பையைக் கீழ வச்சுட்டு எழுந்து போயிட்டார். அதுக்கப்புறம் அவர் வரல. அவர் பின்னாடி ஒவ்வொருத்தரா...

அபு ராகான்: இப்ப எப்படி இருக்காங்க அவங்க?

ஃபலாஹ்: யாரு?

அபு ராகான்: ஹமூத் வீட்டுக்காரி.

ஃபலாஹ்: பரவாயில்ல. எந்திரிச்சு நடக்குறாங்க.

அபு ராகான்: அல்ஹம்துலில்லாஹ்.

நிளால்: அண்ணே, டீ வந்துடுச்சு... பில் போடட்டுமா, வேண்டாமா?

ஃபலாஹ்: வேண்டாம் தம்பி. வாங்க மச்சான், போகலாம். கம்பளம் மட்டும் பாப்போம்.

அபு ராகான்: பில்லைப் போடு தம்பி. கறுப்பு ஜோடி, பேஸ் பெட்டி, எல்லாம்.

ஃபலாஹ்: நான் இவ்வளவு நேரம் சொன்னது உங்களுக்குக் கேக்கலையா? அங்க ஸ்பீக்கர் இல்ல மச்சான்!

அபு ராகான்: இல்லேன்னு எனக்கு எப்பவோ தெரியும் மாப்ளே. அவன் ஜன்னலைச் சாத்தறதே இல்ல. செவ்வாய்க்கிழமை எல்லாரும் சிரிக்கிறது தெரு தாண்டி எனக்குக் கேக்கும்... அதுல உன் சிரிப்பு எதுன்னும் தெரியும். உங்க அக்கா என்ன சத்தம்னு கேட்டா, டிவின்னு சொல்லிடுவேன். அந்தச் சிரிப்பு எனக்குக் கேக்காத அளவுக்குச் சத்தமா ஒண்ணு வேணும், அதுக்குத்தான் வந்தேன். தம்பி, வண்டியில ஏத்து.