அர்ச்சுனன் நாயனமும் என் பொறாமையும்

நடுநிலை தவறாத நாவுக்கும் நெஞ்சுக்கும் உரியவராய் நடுவில் வீற்றிருக்கும் அக்கிராசனாதிபதி, குளுவாங் இரயில் நிலைய அதிகாரி சிவசம்பு அவர்களே! ரப்பர் பால்மரக் காட்டில் பாதி நாள் வேலையை முடித்துவிட்டுப் பல மைல் சடக்கில் நடந்து வந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் இதயத்தில் இரக்கமும் சுமந்து வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! யோங் பெங்கின் இந்தக் கொட்டகையில் ஒரு தோழனுக்காக வாசிக்க வந்திருக்கும் சக வித்துவான்களே! சிம்பாங் ரெங்கம் நாயனக்காரன் வீரமுத்து உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நோயில் விழுந்து கிடக்கும் நாதசுர வித்துவான் அர்ச்சுனனுக்காக இந்தக் கச்சேரி நடக்கிறது. காசநோய் அவர் நெஞ்சைப் பற்றியிருக்கிறது. ஓராண்டுக்குக் குறையாமல் படுக்கையில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதுவரை அவர் மனைவி சந்திரமதியும் மூன்று பிள்ளைகளும் பசியாமல் இருக்கவே நாம் கூடியிருக்கிறோம். மூத்த நாயனக்காரன் என்பதால் அவரைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். புகழ்வேன். ஆனால் என் புகழ்ச்சிக்குப் பெயர் வேறு. அதன் பெயர் பொறாமை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிப்பு அடங்கும் வரை காத்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டுக்கு முன் இந்த வட்டாரத்தில் நாயனம் என்றால் யார்? வீரமுத்து. கல்யாணமா? வீரமுத்து. காது குத்தா? வீரமுத்து. கோவில் கொடியேற்றமா? வீரமுத்து இல்லாமல் கொடி ஏறாது என்று நானே நம்பியிருந்தேன். அந்த ஆண்டுப் பங்குனித் திருவிழாவில் காலைப் புறப்பாட்டுக்கு இரண்டு மேளம் வைத்தார்கள். முன்னால் நான். பின்னால், கப்பலிலிருந்து இறங்கி மூன்று மாதமே ஆன, மீசை கூட நன்றாக முளைக்காத அர்ச்சுனன்.

நான் வாசித்து முடித்தேன். அவர் தோடியைத் தொட்டார். தொட்டார் என்றா சொன்னேன்? இல்லை, தோடி அவரைத் தொட்டது! என்னைச் சூழ்ந்திருந்த கூட்டத்தில் முதலில் இளவட்டங்கள் நழுவினார்கள். பிறகு பெண்கள் நழுவினார்கள். கொஞ்ச நேரத்தில் என் தலை சுட்டது. என்னவென்று அண்ணாந்து பார்த்தால், எனக்குக் குடை பிடித்து வந்தவர் குடையோடு அங்கே போய் நிற்கிறார்! சரி, போகட்டும் என்று பக்கத்தில் பார்த்தேன். என் தவில்காரர் லெட்சுமணன் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். லெட்சுமணன், தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். அன்று என் உள்ளமும் தலையாட்டியது. அதுதான் என்னால் பொறுக்க முடியாமற் போனது.

அம்மம்மா, பொறாமை என்பது என்ன! சோற்றில் கை வைத்தால் சுவை இல்லை. பாயில் படுத்தால் உறக்கம் இல்லை. அவர் வாசிப்பில் ஒரு பிசிறு விழாதா என்று காது கூர்மையாகிறது. விழவில்லையே என்று வயிறு எரிகிறது. ஈராண்டுகள் இப்படியே எரிந்தேன்.

பிறகு ஒரு நாள், ஒரு தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணி என் வீட்டுக்கு வந்தார். தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு அர்ச்சுனனை அழைக்கலாமா, ஆள் எப்படி என்று என்னிடமே கேட்டார். ஒரு கணம் போதும் அன்பர்களே, ஒரு மனிதன் கெடுவதற்கு! நான் சொன்னேன்: "வாசிப்பு நல்லாத்தாங்க இருக்கும். ஆனா சாயங்காலமானா ஆளு நெலையில இருக்க மாட்டாரு."

அவ்வளவுதான் சொன்னேன். கள் என்று சொல்லவில்லை. சாராயம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தச் சொல் தோட்டத்துக்குத் தோட்டம், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்கு லயம் தாவியது. அர்ச்சுனனை அழைப்பவர்கள் குறைந்தார்கள். பிறகு ஒருவருமே அழைக்கவில்லை. நாயனத்தை உறையிலிட்டுவிட்டு அவர் பால் வெட்டப் போனார். ஈரக் காட்டில், விடியற்காலைப் பனியில், நாலு ஆண்டுகள். நோய் அங்கேதான் வந்ததா? எனக்குத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது. ஆனால் என்னை நானே கேட்காத நாள் இல்லை.

இந்தக் கச்சேரிக்கு என்னைக் கேட்க லெட்சுமணன் வந்தபோது என் நெஞ்சில் என்ன எழுந்தது தெரியுமா? இரக்கமா? இல்லை. "நான் படுத்துவிட்டால் எனக்காக இத்தனை பேர் கூடுவார்களா?" என்ற எண்ணமே எழுந்தது. படுத்துக் கிடப்பவனைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன், ஐயா! பிறகு சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். வாசிக்க முடியாது என்று அர்ச்சுனனிடமே ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாம் என எண்ணி ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மாடியில் கட்டில். சன்னல் வழியே கடல் தெரிந்தது. எலும்பின்மேல் போர்வை போர்த்தியது போல அவர் கிடந்தார். பக்கத்தில் சந்திரமதி. நான் பேசிக்கொண்டே போனேன்; அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் தம்பி என்று கேட்டேன். விட்டு விட்டுத்தான் அவரால் பேச முடிந்தது.

"இவ்வளவு படி ஏறி வந்திருக்கீங்க அண்ணே. மூச்சு வாங்கல உங்களுக்கு. அதத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். வயித்தெரிச்சலா இருக்கு."

அவையோரே! எதைக் கண்டு பொறாமைப்பட்டேன் நான்? தோடியை, புகழை, கூட்டத்தை. எதைக் கண்டு பொறாமைப்பட்டார் அவர்? நான் நினைத்தும் பார்க்காமல் இழுத்துவிடும் மூச்சை! அந்த இடத்தில் நான் உடைந்தேன். கங்காணியிடம் சொன்ன பொய்யைச் சொல்லிவிட்டேன். அதைக் கிளப்பியவன் நான் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சந்திரமதிதான் எழுந்து நின்றார். குரல் உயரவில்லை.

"எங்ககிட்ட சொல்லி என்னாங்க ஆகப்போகுது? யாரு அத நம்புனாங்களோ, அவங்ககிட்ட போயி சொல்லுங்க."

நம்பியவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மேடை ஏறினேன்.

சிம்பாங் ரெங்கத்தாரே, கேளுங்கள்: அர்ச்சுனன் குடித்ததில்லை! உலு திராமிலிருந்து வந்தவர்களே, கேளுங்கள்: அர்ச்சுனன் குடித்ததில்லை! யோங் பெங் தோட்டத்துத் தாய்மார்களே, உங்கள் லயத்துக்குப் போனதும் வராதவர்களிடமும் சொல்லுங்கள்: அர்ச்சுனன் ஒரு நாளும் குடித்ததில்லை! குடி கெடுக்கப் பொய் சொன்னவன் வீரமுத்து! வாய்ப்பை வழிமறித்தவன் வீரமுத்து!

பின்வரிசையில் எழுந்து நிற்கும் ஐயா, போய்விடாதீர்கள். உங்கள் கோபம் நியாயம். அதை என்மேல் வைத்திருங்கள். கச்சேரி அவருக்காக, அமர்ந்து கேளுங்கள்.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று சொல்லிக் கைதட்டு வாங்க மாட்டேன். மன்னிக்கவில்லை. போன வாரமும் போனேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. அது அவர் உரிமை. கோவில் கமிட்டியார் முன்னே அமர்ந்திருக்கிறீர்கள். வரும் திருவிழாவுக்கு எனக்குக் கொடுத்த வெற்றிலை பாக்கை உங்களிடமே திருப்பித் தருகிறேன். அந்த அழைப்பு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகட்டும். வர முடியுமோ முடியாதோ, அழைக்கப்பட்டவர் என்ற பெயர் அவருக்குத் திரும்பக் கிடைக்கட்டும்.

என் பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. இதோ, நீங்கள் அவருக்காகக் கண் துடைப்பதைப் பார்க்கும்போதும் ஓர் ஓரத்தில் எரிகிறது. ஆனால் எரிவதற்கு எனக்கு அந்த மனிதர் வேண்டும்! அவர் எழுந்து வர வேண்டும். என் எதிரே நின்று, என்னைவிட நன்றாக, ஊரே கேட்க வாசிக்க வேண்டும். இன்னும் இருபது ஆண்டுகள் நான் உறக்கமில்லாமல் புரள வேண்டும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த அக்கிராசனாதிபதிக்கும், என்னை இங்கே அனுப்பிவைத்த சந்திரமதி அம்மாளுக்கும் நன்றி. லெட்சுமணன், தவிலை எடுங்கள். உங்கள் அனைவருக்கும் வணக்கம், வாசிக்கப் போகிறேன்.