தம்பி கட்டிய பேட்டரி

மதுரையில் நல்ல சக்கரம் கிடைப்பதில்லை ஐயா. சூட்கேஸுக்குக் கிடைக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கிடைக்கும். ஓர் ஆள் ஏறி நின்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற பலகைக்குச் சக்கரம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். நான் மூன்று தடவை சக்கரம் மாற்றினேன். செலவு கைமீறிப் போனதற்கு அதுதான் முதல் காரணம்.

நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை. பெயர் கருத்தக்கண்ணன், வயது நாற்பத்தொன்று. காளவாசலில் இன்வெர்ட்டர், யுபிஎஸ் பழுது பார்க்கும் கடை வைத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. என் கை பட்ட பெட்டி ஒரு மாதத்தில் திரும்பி வந்தது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்ணன் வீட்டில் சாப்பாடு.

பக்கத்துக் கடை பரீத் செல்போன் விற்கிறவன். போன வருஷம் ஆடி மாதம் டீ குடிக்கும்போது போனில் ஒரு வீடியோ காட்டினான். வெளிநாட்டுப் பையன் ஒருவன் எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு மேல் நின்றுகொண்டு, கையில் சின்ன ரிமோட்டை வைத்து அமுக்கி, கடற்கரை ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகிறான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"எம்புட்டு மாப்ள இது?" என்று கேட்டேன்.

"ஒன்னேகால் லட்சம்ணே. நமக்கெல்லாம் பாக்கத்தான் முடியும்."

"பதினெட்டாயிரத்துல நான் செஞ்சு ஓட்டிக் காட்டுறேன்."

டீக்கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டது. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை விழுங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

முதலில் தேக்குப் பலகை அறுத்தேன். அது நான் ஏறியதும் நடுவில் விரிசல் விட்டது. பிறகு ஆன்லைனில் வரவழைத்தேன். மோட்டாரைப் பழைய ஸ்கூட்டரிலிருந்து கழற்றிப் போட்டேன், பைபாஸ் பாலம் ஏறுவதற்குள் புகைந்துவிட்டது. புது மோட்டார் வாங்கினால், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற பழைய கன்ட்ரோலர் அதற்கு ஒத்துவரவில்லை. கன்ட்ரோலர் கேட்ட விலையைக் கேட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசிச் செலவு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மனதாரத்தான் சொன்னேன். தை பிறக்கும்போது எழுபதாயிரம் தாண்டிவிட்டது, பேட்டரி இன்னும் வாங்கவில்லை. இந்த வண்டியில் பேட்டரிதான் பெரிய விலை.

அன்றைக்குப் பரீத் கடைக்குள் வந்து பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. இம்புட்டுச் செலவுக்கு ரெடிமேடாவே வாங்கியிருக்கலாம்ல?"

வெளியே டீக்கடையில் அதைக் கேட்டு யாரோ சிரித்தார்கள். பரீத் நல்ல பையன், கேலியாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை எனக்குள் முள்ளாகத் தைத்தது. அவன் மட்டும் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பலகையைப் பரண்மேல் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அவனையும் ஒரு சாட்சியாக விசாரியுங்கள் என்று சொல்வேன்.

இனி அண்ணன் விஷயம். அண்ணன் ஆண்டிச்சாமி, கிரானைட் அறுக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். கல்தூசி நெஞ்சில் இறங்கி நுரையீரல் போய்விட்டது. செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டரில் வீடு. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று கட்டில் பக்கத்தில் ராத்திரி பகலாக ஓடும். அதன் குழாய் மூக்கில் இருந்தால் அண்ணன் பேசுவார், சிரிப்பார், பேப்பர் படிப்பார். எடுத்துவிட்டால் கால் மணி நேரத்தில் உதடு நீலமாகிவிடும்.

கரண்ட் போனால் மெஷின் நிற்கக் கூடாது என்று பேட்டரிப் பெட்டி கட்டிக்கொடுத்தது நான்தான். முதல் தரமான லித்தியம் செல், மூன்று மணி நேரம் தாங்கும். கூலி ஒரு ரூபாய் வாங்கவில்லை. அதற்கு மேல் போனால் இருக்கட்டும் என்று ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டரும் மூலையில் நின்றது. மதினி தாமரைச்செல்வி அந்தப் பெட்டியை ஆயுத பூஜைக்குக் கழுவாத குறையாகத் துடைத்து, மூடியும் பெட்டியும் சேருகிற இடத்தில் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். அப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் புதுப் பொட்டு. வேறு யாரையும் தொட விடமாட்டார். "எங்க தம்பி கட்டுனது, பச்ச லைட்டு எரிஞ்சா எனக்குத் தைரியம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மாசி மாதம் சிலிண்டரை விற்றேன். பெட்டியில் இன்னொரு அடுக்கு செல் சேர்த்திருக்கிறேன், இனிச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும், சிலிண்டர் சும்மா இடத்தை அடைக்கிறது என்று மதினியிடம் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவரே ஒரு கை பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அந்தப் பணம் கன்ட்ரோலர் கடனுக்குச் சரியாகப் போயிற்று.

அடுத்தது செல். அது அப்படி ஒன்றும் திட்டம் போட்டுச் செய்தது இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைச் சர்வீஸ் செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். உள்ளே எழுபது செல், பளபளவென்று, மாதத்தில் ஒரு நாள் வேலை செய்துகொண்டு மற்ற நாளெல்லாம் தூங்குகின்றன. நல்ல பொருள் தூங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அடுத்த வாரம் பழைய லேப்டாப்புகளில் கழித்த செல்களை அதே அளவுக்கு அடுக்கிக் கட்டிக் கொண்டுபோய் மாற்றி வைத்தேன். பெட்டியைக் காலியாக விடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை விளக்கு எரிந்தது. பாரம் ஏறினால் இருபது நிமிஷம் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அண்ணனின் செல்கள் பலகைக்கு அடியில் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தின. முதல் நாள் ஓட்டியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காகச் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை மின்தடை என்று முதல் நாள் பேப்பரிலேயே போட்டிருந்தது. படித்தேன். விடிந்ததும் பேட்டரியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவது என்றுதான் கிளம்பினேன். வழியில் பிளாட் போட்டு விற்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு வீடுகூட இல்லை, உள்ளே தார் ரோடு மட்டும் கண்ணாடி போலக் கிடக்கும். அண்ணன் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்று நான் இன்னும் அளக்கவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டால் பிறகு எப்படி அளப்பது? பைக்கை நிறுத்திவிட்டுப் பலகையை எடுத்தேன். பெரும்பாலும் பத்து மணிக்குத்தான் கரண்டை எடுப்பார்கள். அன்றைக்கு ஒன்பதுக்கே எடுத்துவிட்டார்கள்.

பதினெட்டாவது கிலோமீட்டரில் மதினி போன் வந்தது. ஒன்பது இருபத்தைந்து.

"தம்பி, மிசினு நின்னுபோச்சு. அவுகளுக்கு மூச்சு வாங்குது. பக்கத்து வீட்டுப் பேயாண்டிய வரச்சொல்லிப் பெட்டியத் தொறக்கச் சொல்லவா?"

"தொறக்காதீக மதினி, ஷாக் அடிச்சிரும். நான் இப்பவே ஆம்புலன்சுக்குச் சொல்லிர்றேன். அவுங்களுக்கு வழி தெரியாது. நீங்க பேயாண்டியையும் கூட்டிக்கிட்டு மெயின்ரோட்டுல போய் நின்னு கை காட்டுங்க. நான் வாரேன்."

"அவுகள ஒத்தையில விட்டுட்டா?"

"நான் வந்துட்டேன்னு வச்சுக்கங்க."

என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினார் என்று பிறகு பேயாண்டி சொன்னார். மெயின்ரோட்டுக்கு அவர்கள் போய்ச் சேருகிற நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு, நான் கண்மாய்க் கரை வழியாகப் பைக்கில் வந்தேன். வீட்டில் யாரும் இல்லை.

அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச முடியவில்லை, ஆனால் நினைவு இருந்தது. நான் பெட்டியைக் கவிழ்த்து ஆறு திருகாணியையும் கழற்றினேன். பழைய செல்களை எடுத்து என் பைக்குள் வைத்தேன். பலகையிலிருந்து அவருடைய செல்களை எடுத்துப் பொருத்தினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பிடிக்கும். ஒரு தடவை கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தார். வேலைக்கு இடைஞ்சலாக இருந்தது, கையை மெதுவாக எடுத்து மெத்தை மேல் வைத்தேன்.

அப்போதே சுவிட்சைப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் பெட்டி திறந்து கிடக்கும்போது யாராவது வந்துவிட்டால் என்ன ஆகும்? முதலில் ஆறு திருகாணியையும் முடுக்கினேன். மூடியில் பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. பொட்டில்லாமல் ஒரு பெட்டியை விட எனக்கு மனம் வரவில்லை, எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கமில்லை. சாமி மாடத்திலிருந்து சந்தனத்தைக் குழைத்துப் புதிதாக வைத்தேன். அதன் பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். மெஷின் அருமையாக ஓடியது. அண்ணன் மூக்கில் குழாயைச் சரியாகச் செருகினேன். அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பொட்டுதான் என் தப்பு. மதினி வந்து பெட்டி மேல் விழுந்து அழுதபோது உள்ளங்கையில் ஈரச் சந்தனம் ஒட்டிக்கொண்டது. அழுகையை நிறுத்திவிட்டுக் கையையே வெகுநேரம் பார்த்தார்.

"இன்னைக்குச் செவ்வாக்கெழம. வெள்ளிக்கெழம வச்ச பொட்டு இன்னும் காயலையா தம்பி?" என்று கேட்டார்.

என் போனை நீங்கள் வாங்கிப் பார்த்துவிட்டீர்கள், இனி மறைக்க ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் அந்த இரண்டு பேரும் வெயிலில் நின்று போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டியிருக்கிறார்கள். ஆம்புலன்சுக்கு நான் சொல்லவே இல்லை ஐயா. சொல்லியிருந்தால் வந்தவர்கள் பெட்டியைத் திறந்திருப்பார்கள், உள்ளே இருந்ததை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அண்ணன் சாகிற நேரத்தில் தம்பியைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டு போயிருப்பார். அந்த ஒரு வேதனையாவது அவருக்கு இல்லாமல் நான் பார்த்துக்கொண்டேன்.