அப்பா பெயரில் ஓர் இணைப்பு

நவம்பர் பதினேழாம் தேதி, இரவு இரண்டரை மணி. ஊரை விட்டு விலகிப் போகும் புறவழிச் சாலையில், சர்வர் கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கும் கட்டடத்துக்குள் ஒரே ஒரு ஆள் வேலையில் இருந்தான்.

அவன் என் நண்பனின் அத்தை மகன். எப்போதும் இரவு ஷிஃப்ட் என்பதால் வீட்டில் அவனுக்கு ராக்கோழி என்று பெயர். வெளியே சாலையில் வண்டி கிடையாது. நாய்கூடக் கிடையாது. உள்ளே ஏசியின் உறுமல்... சூடான தூசி வாசனை... அவ்வளவுதான்.

அவர்கள் கம்பெனி, நோயாளிகளின் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கிற ஒரு சின்னப் பெட்டியை விற்கிறது. உடம்புக்கு முடியாதபோது பொத்தானை அமுக்கினால் சர்வருக்கு இணைப்பு வரும். யாராவது பேசுவார்கள், உதவி போகும். பேச்சு முடிந்ததும் பெட்டி, ‘நான் முடித்துக்கொள்கிறேன்’ என்று தகவல் அனுப்பும். சர்வரும் பதிலுக்கு, ‘சரி, நானும் முடித்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் சொன்னால்தான் இணைப்பு மூடும். ஒரு பக்கம் மட்டும் சொன்னால்... போனதும் இல்லை, இருப்பதும் இல்லை. அப்படியே தொங்கும்.

அன்றிரவு அப்படித் தொங்கும் இணைப்புகள் பெருகிக்கொண்டே போயின. இடம் நிரம்பிவிட்டால் புதிய அழைப்பு உள்ளே வராது. மூச்சு முட்டிப் பொத்தானை அமுக்குகிறவருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. திரையில் சிவப்பு எச்சரிக்கை. பீப்... பீப்... பீப்...

“சர்வர்ல பேயா? அதுக்குப் பாஸ்வேர்டு யாருப்பா குடுத்தது?” என்று, இங்கே கதை கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவன் போர்வைக்குள்ளிருந்து கேட்கிறான். சிரித்துக்கொள்ளுங்கள். ராக்கோழியும் முதலில் சிரித்தவன்தான்.

சர்வரில் ஓடும் புரோகிராமை எழுதியவரை ஆபீசில் மேஸ்திரி என்பார்கள். ராக்கோழி அவரைப் போனில் எழுப்பினான்.

“நல்ல தூக்கத்துல எழுப்புறியே, நீ நல்லா இருப்பியா?”

“அண்ணே, மூட வேண்டியதெல்லாம் மூடாம தொங்குது.”

“அந்தப் பக்கம் கும்பிடு போட்டுட்டான், நம்ம பக்கம் பதில் கும்பிடு போடல. நான்தான் ஒரு வரி எழுத மறந்திருப்பேன். மொத்தமா நிறுத்திட்டு மறுபடி ஓட விடு.”

“நிறுத்துனா, இப்பப் பேசிட்டிருக்கறவங்க லைனும் அறுந்துடுமேண்ணே.”

“அப்போ தொங்குறத மட்டும் ஒவ்வொண்ணா வெட்டு. ஆள விடு சாமி.”

வெட்டினான். ஒவ்வொன்றாக. எச்சரிக்கைச் சத்தம் நின்றது. கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம். அந்தப் பெட்டியின் எண் அவனுக்கு மனப்பாடம். இதய ஆபரேஷனுக்குப் பிறகு அவன் அப்பாவின் கட்டிலருகே அவனே கொண்டுபோய் வைத்தது.

மனைவிக்குப் போன் போட்டான்.

“என்னங்க, இந்நேரத்துல?”

“அப்பா பொத்தான அமுக்கினாரா?”

“இல்லியே... இருங்க, பாக்கறேன்.” கதவு கிறீச்சிட்டது. “மாமா முழிச்சு உக்காந்திருக்கார். பெட்டியத் தொடவே இல்லையாம்.”

வெட்டும் கட்டளையைத் தட்டினான். என்டர் மேல் விரலை வைத்தான். அமுக்க மனம் வரவில்லை. ஒன்று தொங்கினால் குடியா முழுகிவிடும்? தட்டியதை அழித்துவிட்டான்.

விடிந்ததும் ஆபீசில் போன் அடிக்க ஆரம்பித்தது. பெட்டி இனி வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மகள். பிறகு ஒரு மருமகன். பிறகு இன்னொருவர்... எல்லோரும் சொன்னது ஒன்றுதான். தூக்கத்திலேயே போயிருக்கிறார், எப்போது என்று தெரியவில்லை. இரவு அவன் வெட்டிய இணைப்புகளின் வீடுகள். ஒன்று விடாமல்.

அவன் அப்பா மட்டும் இருந்தார்.

இருந்தார் என்றால்... தூங்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. கூடத்தில் நடப்பார். சரக்... சரக்... உட்கார்ந்தால் உடனே எழுவார். சட்டையை மாட்டுவார், கழற்றுவார், மறுபடி மாட்டுவார். வாசல்வரை போய்த் திரும்புவார். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். பக்கத்தில் போனால், நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடை. தூக்க மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நடை நிற்கவில்லை.

“எங்கப்பா போகணும் உங்களுக்கு?”

“தெரியலடா. கெளம்பிட்டேன்... ஆனா போக முடியல.”

சர்வரில் அதன் பிறகு புதிதாக எதுவும் தொங்கவில்லை. அது ஒன்றுதான். வேலைக்குப் போனதும் ராக்கோழி முதலில் அதைத்தான் பார்ப்பான். இருக்கும். மறந்த வரியை மேஸ்திரி எழுதி முடித்துவிட்டார். அதைப் போட சர்வரை ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். ராக்கோழி ஏதேதோ சாக்குச் சொன்னான்.

“கல்யாணத்துக்குப் பயந்த மாப்பிள்ளை மாதிரி நாளத் தள்ளிட்டே இருக்கியே, என்னடா விஷயம்?” என்றார் மேஸ்திரி.



ஒரு நாள் சாயங்காலம் அவன் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா வாசலில் வழிமறித்தார். அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி ஐஸ்போல இருந்தது.

“நான் எப்பவோ சொல்லிட்டேன்டா. நீதான் இன்னும் சொல்லல.”

இணைப்பைப் பற்றி அவன் மனைவியிடம்கூட வாய் திறந்ததில்லை. அப்பாவுக்குக் கம்ப்யூட்டரை நிறுத்தக்கூடத் தெரியாது.

அன்றிரவு அந்தக் கட்டளையை மறுபடி தட்டினான். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு... அமுக்கினான். திரையிலிருந்து அந்த வரி போய்விட்டது. வீட்டுக்குப் போன் போட்டான்.

“நானே கூப்பிட இருந்தேங்க!” மனைவியின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “நடந்துட்டே இருந்தவர் சட்டுனு கட்டில்ல சாஞ்சார். மாமா தூங்கிட்டாருங்க...”

“கையத் தொட்டுப் பாரு.”

தொட்டாள். போனை அப்படியே போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

அடுத்த தெருவிலிருந்து டாக்டர் வந்தார். எப்போது போனார் என்று கேட்டார். அரை மணி நேரம் ஆகிறது என்றாள். டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார். இமையை விலக்கிப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். “அரை மணி நேரமா?” என்று இன்னொரு முறை கேட்டார்.

சான்றிதழில் பெயரை எழுதினார், வயதை எழுதினார். இறந்த தேதியை எழுதாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.